நவம்பர் 4, எர்மானோ புலி நாள்: எந்த கெசோனுக்கு விடுமுறை, சம்பளம் எப்படிப் போடணும், யார் இவர்?

பட்டியல்காரன் கேட்டது:

பிலிப்பைன்ஸ் பேரோல் பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள். கிளையன்ட் அனுப்பிய விடுமுறைப் பட்டியலில் நவம்பர் 1க்கும் 30க்கும் நடுவில் "நவம்பர் 4, எர்மானோ புலி நாள், கெசோன்" என்று ஒரே ஒரு வரி. விடுமுறையின் வகை போடவில்லை. ஆட்கள் இருப்பது மூன்று இடத்தில்: தயாபாஸ், லுசேனா, கெசோன் சிட்டி. மூன்றுக்கும் போட்டுவிடலாமா? அன்று வேலை பார்த்தவர்களுக்கு இரட்டைச் சம்பளமா? நைட் ஷிப்டும் உண்டு, 3ஆம் தேதி இரவு 10க்கு ஏறி 4ஆம் தேதி காலை 7க்கு இறங்குகிறார்கள்.

கூடவே, இந்தப் 'புலி' யார்? தேடினால் ஒரு இடத்தில் அப்போலினாரியோ என்று வருகிறது, ஆனால் அந்தப் பெயரில் பிரதமராக இருந்தவர் வேறு ஒருவர் மாதிரித் தெரிகிறது.

---

மூன்றாம்_ஷிப்ட்:

முதலில் கெசோன் சிட்டியைப் பட்டியலிலிருந்து தூக்குங்கள். பேரில்தான் ஒற்றுமை. கெசோன் சிட்டி மணிலாப் பெருநகரத்தில் இருக்கிறது. கெசோன் மாகாணம் அதற்குத் தென்கிழக்கே, பழைய பெயர் தயாபாஸ் மாகாணம். 1946இல்தான் ஜனாதிபதி மானுவேல் கெசோன் பெயரை வைத்தார்கள். அவர் பிறந்த நாளான ஆகஸ்ட் 19 சிட்டிக்கும் மாகாணத்துக்கும் சேர்ந்தே விடுமுறை. அதனால் பேரோல் மென்பொருளில் 'கெசோன்' என்று ஒரே குறியீட்டைப் போட்டு வைத்திருப்பார்கள். ஆகஸ்டில் தப்பு வெளியே தெரியாது, நவம்பரில்தான் வெடிக்கும். மாகாணத்துக்கும் சிட்டிக்கும் தனித்தனிக் குறியீடு வையுங்கள்.

அடுத்தது லுசேனா. இது இன்னும் நுணுக்கமானது. லுசேனாதான் மாகாணத் தலைநகர், ஆனால் நிர்வாக முறையில் மாகாணத்துக்குக் கீழே வராத, உயர்நகர்மயமான தனி நகரம். ஆகவே ஆணையில் 'கெசோன் மாகாணம்' என்று மட்டும் இருக்கிறதா, 'லுசேனா நகரமும்' என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்க்காமல் லுசேனா ஆட்களுக்குப் போடவும் கூடாது, விடவும் கூடாது. தயாபாஸ் மாகாணத்துக்குள் அடங்கிய நகரம், அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

ஆணை என்றால் இரண்டு வகை. காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம், இல்லையென்றால் ஜனாதிபதியின் மலாக்கன்யாங் மாளிகையிலிருந்து வரும் பிரகடனம். பிரகடனம் பல சமயம் விடுமுறைக்கு ஓரிரு நாள் முன்னால்தான் கைக்கு வரும். மேயரோ ஆளுநரோ முகநூலில் 'வகுப்புகள் இல்லை' என்று போட்டால் அது பள்ளிக்குத்தான். தனியார் நிறுவனச் சம்பளத்தை அது தொடாது.

ஆணையில் எந்தச் சொல் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கணக்கு:

'சிறப்பு வேலையற்ற நாள்' என்றிருந்தால் வேலை இல்லை, சம்பளமும் இல்லை (கம்பெனி விதியோ தொழிற்சங்க ஒப்பந்தமோ வேறு சொன்னால் தவிர). வேலைக்கு வந்தால் முதல் 8 மணிக்கு 130 சதவீதம். அதுவே அவருடைய வார ஓய்வு நாளாகவும் இருந்தால் 150.

'சிறப்பு வேலை நாள்' என்றிருந்தால் சாதாரண நாள் மாதிரியே 100. இந்த ஒரு சொல் வித்தியாசத்தைப் பார்க்காமல் 130 போட்டுவிட்டு அடுத்த மாதம் பிடித்தம் செய்வது அடிக்கடி நடக்கிற கூத்து.

நீங்கள் கேட்ட இரட்டைச் சம்பளம் 'ரெகுலர்' விடுமுறைக்கு மட்டும். நவம்பர் 30 போனிபாசியோ நாள் அந்த வகை: வராவிட்டாலும் 100, வந்தால் 200.

நாள் கூலி 500 பெசோ என்று வைத்துக்கொண்டு, சிறப்பு வேலையற்ற நாள் கணக்கில் பார்ப்போம். 8 மணிக்கு 650. அதற்கு மேல் 2 மணி ஓவர்டைம் என்றால் மணிக்கூலி 62.50 × 1.30 × 1.30 = 105.625, இரண்டு மணிக்கு 211.25. மொத்தம் 861.25. ஓவர்டைமில் 1.30ஐ இரண்டு முறை பெருக்குவதை விட்டுவிட்டு 1.60 என்று கூட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு. ஓய்வு நாளாகவும் இருந்தால் 8 மணிக்கு 750, ஓவர்டைம் மணிக்கு 1.95 மடங்கு.

உங்கள் நைட் ஷிப்ட்: விடுமுறை நள்ளிரவு 12க்குத் தொடங்கி அடுத்த நள்ளிரவு 12க்கு முடிகிறது, ஷிப்ட் ஏறிய தேதியை வைத்து இல்லை. இரவு 10லிருந்து காலை 6 வரை கூடுதல் 10 சதவீதம் தனி. அதிகாலை 3 மணியிலிருந்து 4 மணி வரை சாப்பாட்டு நேரம் என்று வைத்தால்:

இரவு 10 முதல் 12, 2 மணி × 62.50 × 1.10 = 137.50
12 முதல் 6 (சாப்பாடு போக 5 மணி) × 62.50 × 1.30 × 1.10 = 446.88
காலை 6 முதல் 7, 1 மணி × 62.50 × 1.30 = 81.25
மொத்தம் 665.63

அதே ஆட்கள் 4ஆம் தேதி இரவு 10க்கு மறுபடி ஏறினால், அன்றைய 10 முதல் 12 வரைக்கும் 1.43 மடங்கு (1.30 × 1.10) உண்டு. இந்தப் பின்பாதியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவர்கள் சம்பளத்தில் அந்த நாளின் 100 ஏற்கெனவே அடங்கியிருந்தால், வேலைக்கு வந்ததற்கு 30 மட்டும்தான் கூட்ட வேண்டும். முழு 130ஐயும் மேலே போட்டால் 230 ஆகிவிடும். அடங்கியிருக்கிறதா என்பது நாள் கூலி கண்டுபிடிக்க எந்த வகுக்கும் எண்ணை வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வருடச் சம்பளத்தை 261ஆல் வகுத்தால் வார ஓய்வு நாட்கள் மட்டும்தான் வெளியே, சிறப்பு நாள் உள்ளே.

---

ஏழாம்_பக்கம்:

சம்பளக் கணக்கு மேலே சரியாக வந்துவிட்டது. ஆளைப் பற்றி நான் சொல்கிறேன்.

முழுப் பெயர் அப்போலினாரியோ டி லா குரூஸ். 'எர்மானோ' (Hermano) என்றால் ஸ்பானிய மொழியில் சகோதரர், முதல் எழுத்தான எச் ஒலிக்காது. 'புலி' அல்லது 'பூலே' அப்போலினாரியோவின் செல்லச் சுருக்கம், நம்ம புலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் பார்த்த பிரதமர் அப்போலினாரியோ மாபினி, 1864இல் பிறந்தவர். நம்ம ஆள் அதற்கு 23 வருடம் முன்னாலேயே கொல்லப்பட்டுவிட்டார். பட்டியலில் விளக்கக் குறிப்பு எழுதும்போது இரண்டு பேரையும் கலந்துவிடாதீர்கள்.

லுக்பான் ஊர்க்காரர். தயாபாஸுக்கு வடக்கே, பனாஹாவ் மலையடிவாரம். பிறந்த ஆண்டை 1814 என்றும் 1815 என்றும் எழுதுகிறார்கள், நாள் ஜூலை 22. பதின்வயதில் துறவற சபையில் சேர மணிலாவுக்குப் போனார். சேர்க்கவில்லை. சுதேசிகளுக்கு, அவர்கள் சொல்லில் 'இந்தியோ'க்களுக்கு, அப்போது அங்கே இடம் கிடையாது. சான் ஹுவான் டி டியோஸ் மருத்துவமனையில் ஊழியச் சகோதரராக நின்றுகொண்டார். பிரசங்கம் பழகியது அங்கேதான்.

1832இல் 19 பேரோடு ஒரு பக்திச் சபை தொடங்கினார். சூசையப்பர் பெயரிலும் செபமாலை மாதா பெயரிலும். சுருக்கமாக கோஃப்ராதியா டி சான் ஹோசே. நடைமுறை எளிமையானது: ஆளுக்கு மாதம் 1 ரெயால் சந்தா. ஒவ்வொரு மாதமும் 19ஆம் தேதி லுக்பான் கோவிலில் ஒரு பூசை (சூசையப்பர் திருநாள் மார்ச் 19, அதனால் அந்தத் தேதி). பூசைக்கு லுக்பான் சாமியாருக்கு 6.5 பெசோ. 8 ரெயால் 1 பெசோ என்பதால் 52 பேர் சந்தா ஒரு பூசைக்குச் சரியாகப் போய்விடும். புலி மணிலாவிலேயே இருந்தார். அவர் எழுதிய கடிதங்களை ஊரில் கூட்டம் போட்டு வாசித்தார்கள், செபமாலை சொன்னார்கள், தங்கள் தகாலாக் மொழியில் பாட்டுப் பாடினார்கள்.

1841க்குள் தயாபாஸ், லகூனா, பட்டாங்காஸ் மூன்று மாகாணத்திலும் சேர்த்து 4,500லிருந்து 5,000 பேர். எல்லோரும் சந்தா கட்டியிருந்தால் மாதம் 560 பெசோவுக்கு மேல். பாதிரியார்கள் கண்ணை உறுத்தியதில் ஆச்சரியமில்லை. அதை விட உறுத்தியது ஒரு விதி: ஸ்பானியர்களும் கலப்பினத்தவர்களும் புலியின் அனுமதி இல்லாமல் சேர முடியாது. மடம் எந்தக் கதவை அவருக்கு அடைத்ததோ அதே கதவை அவர் திருப்பிப் போட்டார்.

1840 அக்டோபர் 19 அன்று மஹாய்ஹாயில் 243 உறுப்பினர்களைப் பிடித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அதன் பிறகும் புலி செய்தது மனு போடுவதுதான். சபையை அங்கீகரியுங்கள் என்று ஆயரிடம் கேட்டார், கிடைக்கவில்லை. தலைமை ஆளுநர் மார்செலினோ டி ஓரா தரப்பிலும் கதவு திறக்கவில்லை. பதிவு மறுக்கப்பட்ட சபை சட்டவிரோதச் சபை ஆகிவிட்டது, அதில் செபம் சொன்னவர்கள் கலகக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

1841 அக்டோபர் 23 அன்று மாகாண அதிகாரி ஹோவாக்கின் ஒர்த்தேகா சுமார் 300 பேரோடு இசாபாங்கில் தாக்கினார். புலியிடம் ஏறக்குறைய 4,000 பேர், மலையிலிருந்து ஆய்தா பழங்குடியினரும் துணைக்கு வந்தார்கள். ஒர்த்தேகா அங்கேயே செத்தார். இந்த வெற்றிதான் ஆபத்தாக முடிந்தது. வானதூதர்கள் இறங்கி வருவார்கள், பூமி பிளந்து எதிரியை விழுங்கும் என்ற நம்பிக்கை கூட்டத்துக்குள் இறுகிவிட்டது. நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் அன்று, கர்னல் ஹுவெத் தலைமையில் படை, புலியின் ஆட்கள் இருந்த அலிதாவ் முகாமைச் சூழ்ந்தது. பெண்கள், கிழவர்கள், குழந்தைகள் என்று நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள். புலி தப்பி சரியாயா பக்கம் ஓடினார், ஆனால் சீக்கிரமே பிடிபட்டார். தயாபாஸ் ஊர்மன்றத்தில் அவசர விசாரணை, 4ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். உடலைத் துண்டு போட்டு, தலையைக் கூண்டில் வைத்துச் சாலையோரக் கம்பத்தில் மாட்டினார்கள். விடுமுறைத் தேதி அதனால்தான் நவம்பர் 4. பிறந்த நாள் இல்லை.

---

பட்டியல்காரன்:

மூன்றாம்_ஷிப்ட் அண்ணே, ஏழாம்_பக்கம், இரண்டு பேருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. ஒன்று, தயாபாஸில் குடியிருந்து லகூனாவில் வேலை பார்க்கிறவர் "எங்க ஊரில் விடுமுறை" என்று 130 கேட்கிறார். இரண்டு, 3ஆம் தேதி சொல்லாமல் மட்டம் போட்டுவிட்டு 4ஆம் தேதி வந்தவருக்கு 30ஐ வெட்டலாமா?

---

மூன்றாம்_ஷிப்ட்:

முதலாவது, கிடையாது. வேலை நடக்கிற இடம்தான் கணக்கு, வீடு எங்கே என்பதும் தலைமை அலுவலகம் எங்கே பதிவானது என்பதும் இல்லை. மறுபுறம், கெசோன் சிட்டியில் பதிவான கம்பெனியின் தயாபாஸ் கிளையில் வேலை பார்ப்பவருக்கு உண்டு.

இரண்டாவது, வெட்டக் கூடாது. 'முந்தின நாள் வராதவருக்கு விடுமுறைச் சம்பளம் இல்லை' என்ற விதி ரெகுலர் விடுமுறையில், அதுவும் அன்று வேலை பார்க்காதவருக்குத்தான். சிறப்பு நாளில் வந்து வேலை பார்த்தவருக்கு 130ஐக் கொடுத்தே ஆக வேண்டும். 3ஆம் தேதிக்கு மட்டும் சம்பளம் பிடியுங்கள்.

---

ஜீப்னி_ஜன்னல்:

தயாபாஸ் கிளைக்கு யாரையாவது அந்த வாரம் அனுப்புவதாக இருந்தால் ஒரு வார்த்தை. நவம்பர் 1, 2 கல்லறைத் திருநாள் கூட்டம். மணிலாவிலிருந்து வெளியே போகிற பேருந்துகள் அக்டோபர் 30, 31லேயே நிரம்பிவிடும், திரும்பி வருகிற நெரிசல் 2ஆம் தேதி மாலையில் தொடங்கும். 3ஆம் தேதி காலை மணிலாவிலிருந்து லுசேனாவுக்கு ஏறினால் நெரிசலுக்கு எதிர்த்திசையில் போவதால் இடம் கிடைக்கும். லுசேனா கிராண்ட் சென்ட்ரல் முனையம் வரைக்கும் பேருந்து, அங்கிருந்து தயாபாஸ் சுமார் 10 கிலோமீட்டர், ஜீப்னி என்கிற சிறு பேருந்தில் போகலாம். அதே சாலையில் மேலே போனால் லுக்பான். வழியில் இசாபாங்கில்தான் எர்மானோ புலி நினைவுச் சின்னம், தயாபாஸ் ஊருக்குள் போய்த் தேட வேண்டாம். நவம்பர் 4 காலையில் மலர்வளையம் வைக்கிற நிகழ்ச்சி என்றால் அந்தச் சந்திப்பில் வண்டி ஊர்ந்துதான் போகும், 8 மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள் அரை மணி முன்னாடிக் கிளம்பட்டும். அந்தப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல மழை, குடையில்லாமல் போனால் நனைந்தே தீர வேண்டும்.

முனையத்துக்கு வெளியே 'உடனே கிளம்புது' என்று கூவுகிற வேனில் ஏற வேண்டாம். உரிமம் இல்லாத வண்டிக்கு அங்கே பெயர் 'கொலோரம்'. விபத்து என்றால் பயணிக் காப்பீடு கிடைக்காது, வழியில் பிடித்தால் வண்டியையே இழுத்துப் போய்விடுவார்கள்.

---

ஏழாம்_பக்கம்:

ஜீப்னி_ஜன்னல் சொன்ன அந்தச் சொல்லே புலியின் கதையில் வருவதுதான். அலிதாவில் தப்பியவர்கள் பனாஹாவ், சான் கிரிஸ்டோபல் மலைப் பக்கம் ஒதுங்கி பழைய செபத்தைத் தொடர்ந்தார்கள். லத்தீன் செபங்கள் 'பெர் ஓம்னியா சேக்குலா சேக்குலோரும்' என்று முடியும், சதாகாலமும் என்று பொருள். அந்தக் கடைசிச் சொல் பாமர வாயில் 'கொலோரும்' ஆனது, மலைச் சபைகளுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அரசாங்கத்திடம் பதியாத கூட்டம் எல்லாம் கொலோரும், கடைசியில் பெர்மிட் இல்லாத வேனும் கொலோரம்.

இன்னொன்று விட்டுப்போனது. விஷயம் 1841லேயே அடங்கவில்லை. மணிலா மலாத்தேயில் இருந்த தயாபாஸ் படைப்பிரிவின் சிப்பாய்கள், அலிதாவில் செத்தவர்களின் ஊர்க்காரர்கள், 1843 ஜனவரி 20 அன்று சார்ஜென்ட் இரினேயோ சமானியேகோ தலைமையில் கிளர்ந்து சான்டியாகோ கோட்டைக்குள் புகுந்தார்கள். அடுத்த நாளே அடக்கிவிட்டார்கள், சமானியேகோவும் கூட இருந்தவர்களும் சுடப்பட்டார்கள்.

---

பட்டியல்காரன்:

ஆணையின் நகல் கேட்டு லுசேனா எச்.ஆருக்கு மெயில் போட்டிருக்கிறேன், அது வரும்வரை லுசேனா வரியை நிறுத்தி வைத்திருக்கிறேன். கெசோன் சிட்டியை எடுத்தாச்சு. மென்பொருளில் பார்த்தால் நீங்கள் சொன்ன மாதிரியே மாகாணத்துக்கும் சிட்டிக்கும் ஒரே குறியீடுதான் இருந்தது, பிரித்துவிட்டேன். 4ஆம் தேதி இரவு 10 முதல் 12 வரைக்குமான இரண்டு மணியும் விட்டுப்போயிருந்தது. விளக்கக் குறிப்பில் 'மாபினி' என்று யாரோ எழுதி வைத்திருந்ததையும் அழித்தாயிற்று.